கெடு தவறாமை: மட்டக்களப்பு வாவிக்கரையும் நிகழ்நேரக் கணினியும்

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் இடங்கள் இரண்டு. வடக்கே நகரை அடுத்த பாலமீன்மடு முகத்துவாரம் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றொன்று. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பு முழுமைக்கும் வாசல் இவ்வளவுதான். அந்த வாசலும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. கோடையில் மேற்கிலிருந்து இறங்கும் ஆறுகள் வற்றி, கடலை நோக்கிய ஓட்டம் தளர்கிறது. அப்போது அலை கரையோரமாக இழுத்துவரும் மணல் வாயில் படிந்து மேடாகி, ஒரு கட்டத்தில் அதை அடைத்துவிடுகிறது. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அதே ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து மணல்மேட்டுக்கு உள்ளே தேக்குகின்றன. வாவி நிரம்பி உயர்கையில் முதலில் மூழ்குபவை மேற்குக் கரையான படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள். ஆற்றுவாயை வெட்ட வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் எழும். விவசாயிகள், கடற்றொழிலாளர், நீர்ப்பாசனத் திணைக்களம், மாவட்டச் செயலகம் என்று எல்லாத் தரப்பும் அந்தப் பேச்சில் வந்து சேரும்.

வெட்டுவது கடினமான வேலை இல்லை. மணலில் ஒரு வாய்க்காலைக் கீறிவிட்டால் போதும், உள்ளே தேங்கிய நீரே அதை அரித்து அகலமாக்கிக்கொள்ளும். கடினம் முழுவதும் நேரத்தில் இருக்கிறது. நீர்மட்டம் போதிய அளவு உயருமுன் வெட்டினால் வெளியேறும் நீருக்கு மணலை அரிக்கும் விசை இராது, அலை வந்து வாயை மறுபடி மூடிவிடும். உவர்நீர் உள்ளே ஏறும், வாவியில் வளரும் இறால் கடலுக்குப் போய்விடுமே என்ற கவலை தொழிலாளருக்கு உண்டாகும். பிந்தி வெட்டினாலோ, ஒரு வாரம் பத்து நாள் முழுதாக நீருக்குள் கிடந்த இளம் பயிர் அழுகிவிடும், பள்ளத்துக் குடியிருப்புகளுக்குள்ளும் வெள்ளம் புகும். ஆக, செய்யவேண்டிய செயல் எதுவென்று எல்லோருக்கும் தெரியும். அது சரியான செயலாக இருப்பது ஒரு கால எல்லைக்குள் மட்டும்தான். எல்லைக்கு முன்னாலோ பின்னாலோ செய்தால் அதே செயல் பிழையாகிவிடுகிறது.

கணினித் துறை 'நிகழ்நேரம்' என்று சொல்வதன் பொருள் இதுவே. விடை சரியாக இருப்பது பாதி, கெடுவுக்குள் வருவது மறுபாதி. கெடு தவறி வந்த சரியான விடை அங்கே பிழையான விடையாகவே எண்ணப்படும். நிகழ்நேர இயங்குதளம் என்பது ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் பல பணிகளை வைத்து, ஒவ்வொன்றும் தன் கெடுவுக்குள் முடியும்படி முறை வகுத்துக் கொடுக்கும் மென்பொருள். இன்று ஒரு மாணவர் மலிவான பலகை ஒன்றில் அதை நிறுவும்போது, தாம் கற்பது முற்றிலும் புதிய, வெளியிலிருந்து வந்த ஒரு நுட்பம் என்று எண்ணக்கூடும். மென்பொருள் வெளியிலிருந்து வந்தது உண்மைதான். அது தீர்க்கும் சிக்கலுக்கோ வாவிக்கரையில் நீண்ட வரலாறு உண்டு. கெடுவை வகுப்பதும், பொதுவில் உள்ள ஒன்றைப் பங்கிடுவதும், நெருக்கடியில் எதை முதலில் கவனிப்பது என்று முன்கூட்டித் தீர்மானிப்பதும் இந்நிலத்து மக்கள் வயலிலும் புகையிரதப் பாதையிலும் கடற்கரையிலும் கையாண்ட கலைகள். அந்த வரலாற்றை அறிந்து தொடங்குபவரே பலகையில் எழுதவேண்டிய நிரலைச் சரியாக எழுத முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வயலைப் பார்ப்போம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் கீழ் வேளாண்மை செய்யும் வட்டைகளில் போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடும். குளத்தில் நிற்கும் நீர் எவ்வளவு, எந்தத் திகதியில் மதகு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது, மாடுகளை எப்போது வயலைவிட்டு அப்புறப்படுத்துவது, எப்போது நீரை நிறுத்துவது என்பவை அங்கே தீர்மானிக்கப்படும். இந்த ஒழுங்கு மிகப் பழையது. பிரித்தானிய ஆட்சி தன் தொடக்கத்தில் அதைக் குலையவிட்டு, பின்னர் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்த முனைந்தது. எழுதப்படாத வழக்கத்துக்குச் சட்டத்தின் வலு தேவைப்பட்ட அளவுக்கு அதன் குலைவு விளைச்சலைப் பாதித்திருந்தது என்பதற்கு அச்சட்டமே சான்று. வட்டையில் நீர்முறையைக் கண்காணித்தவர் வட்டைவிதானை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானை முறையை அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பெயரும் பொறுப்பும் அதன் பின்னும் கிழக்கில் வழக்கொழியவில்லை.

அந்தக் கூட்டத்தின் உள்ளடக்கத்தை ஆராய்ந்தால் ஒரு நுட்பம் தெரியும். சிறுபோகத்துக்குக் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. போதாது என்பதைப் பயிர் வாடிய பிறகு கண்டுபிடிப்பதில்லை, விதைக்குமுன்னரே கணக்கிட்டு இத்தனை ஏக்கர்தான் இந்தப் போகம் செய்யலாம் என்று வரையறுக்கிறார்கள். ஏற்றுக்கொண்ட வயலுக்கு அறுவடை வரை நீர் உறுதி, ஏற்காத வயலுக்கு நம்பிக்கை ஊட்டுவதில்லை. கணினித் துறை இந்த இடத்துக்கு வந்தது 1973இல். லியூ, லேலாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரையில், குறித்த கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பணிகள் எல்லாம் கெடு தவறாமல் முடியுமா என்பதை ஓட்டிப்பார்க்காமலே கணக்கிடும் வழியைத் தந்தார்கள். அடிக்கடி வரும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்து, எல்லாப் பணிகளும் சேர்ந்து செயலியின் நேரத்தில் சுமார் 69 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எந்தக் கெடுவும் தவறாது என்பது அதன் முடிவு. மீதி 31 விழுக்காட்டை வீண் என்று நினைப்பவர், குளத்தில் நீர் இருக்கும்போதே ஏக்கரைக் குறைத்த கூட்டத்தையும் வீண் என்றுதான் சொல்லவேண்டும். உறுதி கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை கொஞ்சம் இடைவெளியை விட்டுவைப்பது.

அடுத்தது புகையிரதம். மாகோவிலிருந்து கிழக்கே வந்த பாதை 1927இல் திருகோணமலையையும் 1928இல் மட்டக்களப்பையும் எட்டியது. கல்லோயா சந்தியில் பிரிந்து, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வரும் அது ஒற்றைப் பாதை. எதிரெதிர்த் திசையில் ஓடும் வண்டிகள் ஒரே தண்டவாளத்தைப் பங்கிட வேண்டும், இரண்டும் ஒரே வேளையில் ஒரு பகுதிக்குள் நுழைந்தால் முடிவு மரணம். இந்த ஆபத்து எத்தகையது என்பதை 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் நடந்த விபத்து காட்டியது. ஒரு நிலையத்திலிருந்து வண்டியை அனுப்பச் சொல்லும் தந்திச் செய்தி, அதற்குரிய கையொப்பம் இடப்படுமுன்னரே போய்விட்டது. திரும்பப் பெற முயன்றபோது காலம் கடந்திருந்தது. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து எட்வர்ட் டயர் என்பவர் மின்சார டேப்லெட் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் கம்பியால் இணைந்திருக்கும். ஒரு பகுதிக்குரிய வட்டு ஒன்று வெளியே எடுக்கப்பட்டால், அது ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பப் போடப்படும் வரை இன்னொன்று வெளிவராது. வட்டு கையில் இல்லாத சாரதி அந்தப் பகுதிக்குள் போகக்கூடாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் வேரூன்றியது இந்த முறைதான். நிலையத்தில் கொக்கியிட்ட வளையத்தில் வட்டை மாற்றிக்கொள்ளும் காட்சியைப் பயணிகள் அறிவர்.

நிகழ்நேர இயங்குதளத்தில் இதே வேலையைச் செய்வது பூட்டு. இரண்டு பணிகள் ஒரே நினைவகத்தையோ ஒரே தகவல் கம்பியையோ பயன்படுத்த நேரும்போது, பூட்டைப் பெற்ற பணி மட்டும் உள்ளே போகும், மற்றது காத்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்துக் கணினியாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இந்தக் கருவியை வகுத்தபோது அதற்குப் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே வைத்தார். ஆனால் பூட்டு பாதுகாப்பைத் தரும், கெடுவைத் தராது. மட்டக்களப்புப் பாதையில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மகாவலி மேல் மன்னம்பிட்டிப் பாலத்திலும் ஓட்டமாவடிப் பாலத்திலும் நெடுங்காலம் புகையிரதமும் வீதி வாகனமும் ஒரே பாலத்தையே பயன்படுத்தின. மன்னம்பிட்டியில் வீதிக்குத் தனிப்பாலம் வந்தது 2007இல்தான். முன்னுரிமை புகையிரதத்துக்கு என்பதில் ஐயமில்லை. என்றாலும் ஒரு மாட்டுவண்டி ஏற்கெனவே பாலத்தில் ஏறிவிட்டால், புகையிரதம் எவ்வளவு பெரிதாயினும் காத்துத்தான் ஆகவேண்டும். வண்டி கரையேற எடுக்கும் நேரம் தெரிந்திருந்தால் அந்தத் தாமதம் கணக்குக்குள் அடங்கும். அக்கரையில் பாலத்தின் வாயை வேறு வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றால், மாட்டுவண்டி நகர முடியாது, அதனால் புகையிரதமும் நகர முடியாது. யாரோ ஓர் இடைநிலை வாகனம், பாலத்தோடு தொடர்பே இல்லாமல், எல்லாவற்றிலும் முதன்மையானதை நிறுத்திவிடுகிறது.

இதே நிலை செவ்வாய்க் கோளில் ஏற்பட்டது. 1997 ஜூலை 4 அன்று இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் தானாகவே மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பியது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம். வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது, தகவல் தடத்தை நிர்வகிக்கும் உயர்ந்த பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இடையில் வந்த நடுத்தரப் பணி தாழ்ந்த பணியை ஓடவிடாமல் தடுத்தது. உயர்ந்த பணி கெடுவைத் தவறவிட்டதும் காவல் ஏற்பாடு முழுக் கணினியையும் மீளத் தொடக்கியது. பூமியிலிருந்து ஓர் அமைப்பை மாற்றி அனுப்பியதும் சிக்கல் தீர்ந்தது. முன்னுரிமை மரபுரிமை என்பது அந்தத் தீர்வு: பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்து, அது விரைந்து விலக வழிசெய்வது. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த நெறி நிறுவப்பட்டது. மூவரில் ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். மாட்டுவண்டிக்குப் பாலத்தில் புகையிரதத்தின் உரிமையைக் கொடுத்து எதிர்க்கரையைக் காலி செய்விக்கும் பொது அறிவு, கணித நிறுவலோடு அங்கே வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வட்டைவிதானைக்கும் நிலைய அதிபருக்கும் கணினி தெரியாது. இன்றைய கருத்துகளை நேற்றைய மக்கள் மேல் ஏற்றிப் பெருமை தேடுவது வரலாறாகாது. இந்த எச்சரிக்கை நியாயமானது, பழையவற்றில் எல்லா அறிவியலும் இருந்தது என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே தீங்கு செய்திருக்கிறது. இங்கு சொல்வது அதுவன்று. பழையவர்களுக்கு விடை தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை, அதே சிக்கல் அவர்களுக்கும் இருந்தது என்கிறேன். அளவான ஒன்றைப் பலர், கெடுவோடு, பங்கிட வேண்டிய இடம் எதுவாயினும் எழும் கேள்விகள் ஒன்றே: எத்தனை பேரை ஏற்பது, யாருக்கு முதல் முறை, ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் எப்படிக் காத்திருப்பது, தவறினால் என்ன செய்வது. கேள்விகள் ஒன்றாக இருப்பதால் விடைகளும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. புகையிரதத்தைப் பொறுத்தவரை இது ஒப்புமைகூட இல்லை, கணினியாளர் நேரடியாகக் கடன் வாங்கிய வரலாற்று உண்மை.

இந்த ஒழுங்குகளில் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் என்ன நேர்ந்தது என்பதற்கான சான்று 2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது, அந்நாளைய இலங்கை நேரப்படி காலை 6.58. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக வலையமைப்போடு இணைந்த நிலநடுக்கமானி ஒன்று இருந்தது. அதன் தரவு கடல்கடந்து ஆய்வு நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடங்களில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 எனக் கணிக்கப்பட்டிருந்தது, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று எழுதப்பட்டிருந்தது. அதிர்வு நிகழ்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்து வந்த இரண்டாவது அறிக்கை அளவை 8.5 ஆக உயர்த்தியது. உண்மையான அளவு 9.1க்குக் குறையாதது எனப் பின்னர் அறியப்பட்டது. அலை கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. கல்லடி, நாவலடி, திருச்செந்தூர் என்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மெல்லிய மணல்நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அவர்கள் தப்பிக்க நேரம் இருந்தது. அந்த நேரத்தை அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. நாடெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அந்த இரண்டு மணி நேரத்தைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். அதிர்வை உணர்ந்த கருவி வேலை செய்தது. கணக்கிட்ட கணினி வேலை செய்தது. அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் ஏவிய ஜேசன் 1 செயற்கைக்கோள் அதிர்வு நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து வங்காள விரிகுடாவைக் கடக்கையில், திறந்த கடலில் ஓடிக்கொண்டிருந்த அலையின் உயரத்தைக்கூட அளந்துவிட்டது. அந்த அளவீடு பூமிக்கு வந்து, ஆராயப்பட்டு, பொருள் கண்டறியப்பட்டபோது பல மணி நேரம் ஆகியிருந்தது. அறிவியலுக்கு அது அரிய தரவு, நாவலடிக்கு அது ஒன்றுமில்லை. அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவக் கிராமம் தப்பியது. சிங்கப்பூரில் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்ட ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை போனது, மக்கள் கரையைவிட்டு அகன்றார்கள். அங்கே இருந்தவை ஒரு தொலைபேசியும் ஒலிபெருக்கியும், அந்த ஒலிபெருக்கியில் அன்றாடம் கடல்நிலை கேட்டுப் பழகிய மக்களும்தான். கெடுவை வென்றது செயற்கைக்கோள் அன்று, அந்த ஒலிபெருக்கி. நிகழ்நேரம் என்பது ஒரு கருவியின் பண்பு இல்லை என்பதும், உணர்வதிலிருந்து செயல்படுவது வரை நீளும் சங்கிலி முழுவதன் பண்பு என்பதும் இதனால் ஐயமற விளங்கும்.

அப்படியானால், பிழை முழுவதும் மனித ஏற்பாட்டில் இருக்கையில், பலகையிலும் இயங்குதளத்திலும் இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்கலாம். மனித ஏற்பாடு முதன்மையானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மனிதருக்கு எஞ்சும் நேரம், கருவிகள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் உள்ளதே. அந்த மிச்சத்தைப் பெருக்குவது கருவியின் கடமை. ஆழ்கடலில் சுனாமியைக் கண்டறியும் டார்ட் மிதவைகள் இதற்குச் சான்று. 2004இல் அவை பசிபிக்கில் மட்டும், அதுவும் ஆறே இருந்தன. அவற்றின் கடலடிக் கருவியை இயக்கியது ஒரு மைக்ரோகன்ட்ரோலர், இன்றைய கைபேசியோடு ஒப்பிட்டால் மிக எளியது. அது பதினைந்து விநாடிக்கு ஒருமுறை நீரழுத்தத்தை அளக்கிறது. கடந்த சில மணி நேர அளவுகளிலிருந்து ஓதம் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று கணிக்கிறது. கணிப்புக்கும் அளவுக்கும் நீர்மட்டத்தில் சில சென்டிமீட்டர் வேறுபாடு கண்டால் உடனே நிகழ்வு நிலைக்கு மாறி, வழமையான அனுப்புதலுக்குக் காத்திராமல் தரவை மேலே அனுப்பத் தொடங்குகிறது. அந்தச் சிறு செயலியின் பெருமை வேகத்தில் இல்லை, எதைக் காத்திருக்கவைக்கலாம், எதைக் காத்திருக்கவைக்கக் கூடாது என்ற தெளிவில் இருக்கிறது. 2007இல் ஐதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் தொடங்கியது, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்காள விரிகுடாவில் மிதவைகளை இட்டது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு வழிவகுத்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடல் மறுபடி அதிர்ந்தபோது, கிழக்குக் கரை மக்கள் எச்சரிக்கை பெற்று மேட்டுக்கு நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை. வந்திருந்தாலும் அவர்கள் கரையில் இருந்திருக்கமாட்டார்கள்.

இப்போது பலகைக்கு வருவோம். வாவியின் நீர்மட்டத்தை ஆற்றுவாய் அருகே அளந்து, எல்லை கடந்தால் ஒலியெழுப்பி, மாவட்டச் செயலகத்துக்குச் செய்தி அனுப்பும் ஒரு சிறு நிலையத்தை எண்ணிப் பார்க்கலாம். எஸ்டிஎம்32 எஃப்103 சில்லு உள்ள மலிவான பலகை இதற்குப் போதும்: வேகம் 72 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 20 கிலோபைட். அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இயங்குதளத்தை நிறுவலாம். ரிச்சர்ட் பேரி 2003 அளவில் உருவாக்கியது அது, 2017 முதல் அமேசான் நிறுவனத்தின் பொறுப்பில் திறந்த உரிமத்தோடு கிடைக்கிறது. ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்த சக்தி செயலிகளிலும் அது ஓடுகிறது. அதன் கரு மூன்று முதன்மைக் கோப்புகளுக்குள் அடங்கிவிடும். சில்லுக்குள் இருக்கும் கடிகை மில்லி விநாடிக்கு ஒருமுறை தட்டும், ஒவ்வொரு தட்டிலும் இயங்குதளம் எந்தப் பணி இப்போது ஓடவேண்டும் என்று முடிவெடுக்கும். அளக்கும் பணி ஒன்று, எல்லையைச் சோதித்து ஒலியெழுப்பும் பணி ஒன்று, கைபேசி வலையில் செய்தி அனுப்பும் பணி ஒன்று, அட்டையில் பதிந்துவைக்கும் பணி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு நினைவகம் ஒதுக்க வேண்டும். குறைத்து ஒதுக்கினால் ஒரு பணி இன்னொன்றின் இடத்தில் எழுதி, காரணம் தெரியாத கோளாறு வரும். பணிகள் ஒன்றோடொன்று வரிசை வழியாகவே பேச வேண்டும். பொதுக் கம்பிக்குச் சாதாரணக் கைகாட்டியை வைக்காமல் முன்னுரிமை மரபுரிமை உள்ள பூட்டை வைக்க வேண்டும், பாத்ஃபைண்டர் கற்றுத்தந்த பாடம் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அந்தத் தனிப் பூட்டாகவே உள்ளது. இன்னொரு கண்ணி உண்டு: இந்த இயங்குதளத்தில் பணிகளுக்கு எண் கூடக்கூட முன்னுரிமை கூடும், ஆர்ம் கோர்ட்டெக்ஸ் சில்லின் குறுக்கீடுகளுக்கோ எண் குறையக்குறையத்தான் முன்னுரிமை கூடும். புதியவர்கள் பலர் தடுக்கிவிழும் இடம் இதுவே. கடைசியாக, எல்லாம் உறைந்துபோனால் தானே மீளத் தொடங்கக் காவல் கடிகை ஒன்றை இயக்கிவைக்க வேண்டும்.

இவ்வளவு ஏன், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒரு சுற்று நிரல் போதாதா என்று கேட்பவர் உண்டு. அளந்து பதிவுசெய்வது மட்டும்தான் வேலை என்றால் போதும், அங்கே இயங்குதளம் தேவையில்லாத சுமை. செய்தி அனுப்பும் வேலை வந்ததும் நிலைமை மாறுகிறது. மழைப் புயலில் கைபேசிக் கோபுரம் திணறும்போது மோடம் பதிலுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருக்கும். சுற்று நிரலில் அந்த நேரம் முழுவதும் அளவியும் ஒலியும் செயலற்றுக் கிடக்கும், அவை தேவைப்படும் வேளையும் அதே புயல்தான். மறுபக்கத்தில், லினக்ஸ் ஓடும் வேகமான ஒற்றைப் பலகைக் கணினியை வைத்தால் என்ன என்பவரும் உண்டு. அதன் சராசரி வேகம் பல மடங்கு அதிகம். ஆனால் கெடுவைத் தீர்மானிப்பது மிக மோசமான வேளையில் எடுக்கும் நேரம், சராசரி அதற்கு உதவாது. சூரியத் தகட்டிலும் சிறு மின்கலத்திலும் முகில் மூடிய மார்கழி முழுவதும் ஓடவேண்டிய கருவிக்கு, பலகை உண்ணும் மின்சாரமும் ஒரு கெடுவே. 1969 ஜூலையில் நிலவில் இறங்கிக்கொண்டிருந்த அப்பல்லோ 11இன் கணினி அளவுக்கு மீறிய வேலையால் எச்சரிக்கை எழுப்பியபோதும், தாழ்ந்த பணிகளை உதறிவிட்டு இறக்கத்துக்கு வேண்டியவற்றைத் தொடர்ந்து செய்தது. அதன் மாற்றத்தக்க நினைவகம் வெறும் இரண்டாயிரம் சொற்கள். தெளிவான முன்னுரிமை, வேகத்தின் குறையை ஈடுசெய்யும். முன்னுரிமை குழம்பினால் எவ்வளவு வேகமும் அதை ஈடுசெய்யாது.

இன்னொரு மறுப்பு இவை அனைத்திலும் கனமானது. ஆற்றுவாயை எப்போது வெட்டுவது என்பது விவசாயியும் கடற்றொழிலாளரும் பேசித் தீர்க்கும் விடயம், அதைக் கருவியின் கையில் கொடுத்தால் மக்களின் குரல் போய்விடும் என்பது அது. நான் இதை முழுதாக ஏற்கிறேன், ஏற்பதாலேயே பலகையின் முன்னுரிமை எண்களை மக்கள் அறியவேண்டும் என்கிறேன். நிலையத்தின் எச்சரிக்கை எல்லையை ஒரு விரற்கடை தாழ்த்தினால் படுவான்கரை வயலுக்குச் சாதகம், உயர்த்தினால் வாவித் தொழிலுக்குச் சாதகம். ஒரு நிரலில் எழுதப்படும் ஒற்றை எண்ணுக்குள் ஒரு கரையின் நலன் இருக்கிறது. அந்த எண்ணை எங்கோ ஒரு பொறியியலாளர் தனியே அமர்ந்து இடுவது, ஆரம்பக் கூட்டம் இல்லாமல் மதகு திறப்பதற்கு ஒப்பாகும். அளப்பதும் நினைவூட்டுவதும் கருவியின் வேலை. கெடுவை வகுப்பதும் முதல் முறை யாருக்கு என்று சொல்வதும் கூட்டத்தின் வேலை. 2011 ஜனவரியில் மட்டக்களப்பை மூழ்கடித்தது போன்ற வெள்ளங்களின்போது, கையில் நம்பத்தக்க நீர்மட்ட அளவு இருக்கும் கூட்டம், ஊகத்தை வைத்து வாதிடும் கூட்டத்தைவிட விரைவாகவும் நியாயமாகவும் முடிவெடுக்கும்.

ஆகவே வாவிக்கரைப் பாடசாலைகளிலும், வந்தாறுமூலையில் 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறையைக் கற்கும் இளையோருக்குப் பலகை முதற்பாடமாக இருக்கக் கூடாது. முதற்பாடம் ஒரு தாளில் எழுதும் கெடுப்பட்டியல்: எந்த நிகழ்வு, அதற்கு யார் பொறுப்பு, எவ்வளவு நேரத்துக்குள், தவறினால் யாருக்கு என்ன இழப்பு. அந்தப் பட்டியலை நிரப்பும் அறிவு வட்டைவிதானையிடமும் நிலைய அதிபரிடமும் முகத்துவாரத்துத் தொழிலாளரிடமும் இருக்கிறது, கணினி நூல்களில் அது கிடைக்காது. அவர்களிடம் கேட்டு எழுதிய பட்டியலிலிருந்து முன்னுரிமைகளைப் பெற்று, அவற்றைப் பலகையில் இட்டு, மோசமான வேளையை முன்கூட்டிக் கணக்கிட்டு, முடிவைத் திரும்ப அவர்கள் முன் வைப்பதே முறையான வரிசை. 2004இல் இந்தக் கரைக்கு இல்லாமல்போனது கருவி மட்டுமன்று, அந்த இரண்டு மணி நேரத்தைத் துண்டுகளாகப் பகுத்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கிய ஒரு தாளும் இல்லை. அந்தத் தாளை இன்று நம்மால் எழுத முடியும். மலிவான பலகையும் இலவசமான இயங்குதளமும் அதை நிறைவேற்றித்தரும் அளவுக்கு எளிதாகிவிட்ட பிறகு, எழுதாமல் விடுவதற்கு நம்மிடம் நியாயம் எதுவும் இல்லை.